டிராக் பந்தயப் புறப்பாட்டில் பின்சக்கரங்கள் துள்ளுவதைக் குறைப்பது எப்படி?

பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஆட்டோமேட்டிக் செடான் ஒன்றை வாங்கி, ரீமேப் செய்து (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி), கால் மைல் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்குத் தயார் செய்து வருவதாகவும், நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்பக்கம் தடதடவென்று துள்ளுவதாகவும், ஷாக் அப்சார்பரை மாற்றினால் இது தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஷாக்கை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தீராது. இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் அனுபவத்தில், நம் கடற்கரையில் ஓடிய வண்டிகளில் இந்தத் துள்ளலுக்கு முதல் காரணமாக இருப்பவை சப்ஃபிரேமையும் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் உலோகச் சட்டம்) டிஃபரன்ஷியலையும் (என்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தாங்கும் ரப்பர் புஷ்கள்தான் (உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் பொருத்தும் ரப்பர் வளையங்கள்). ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் அங்கே செலவிடுங்கள்.

காரணத்தை ஒரு கணக்கிலிருந்து பார்க்கலாம். என்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, அது முதல் கியரில் சுமார் 5 மடங்காகவும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களில் மேலும் 3 மடங்காகவும் பெருகுகிறது என்று வைத்துக்கொண்டால், பின் ஆக்சிலுக்கு வந்து சேர்வது 6,000 நியூட்டன் மீட்டர். டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்றால், தரையை உதைக்கும் விசை ஏறக்குறைய 1.8 டன் எடைக்குச் சமம். ஆனால் 1.6 டன் எடையுள்ள வண்டியில் பின்சக்கரங்கள் மீது நிற்பது சுமார் 800 கிலோதான். புறப்படும்போது பின்னோக்கிச் சாயும் எடையைச் சேர்த்தாலும் ஒரு டன்னைச் சுற்றித்தான் வரும். நல்ல தார்ச்சாலையில் சாதாரண டயரின் பிடிப்பு அந்த எடையின் அளவோடு நின்றுவிடும் என்பதால், முழு ஆக்சிலரேட்டர் கொடுத்த கணமே டயர் வழுக்கியே தீரும்.

வழுக்குவது மட்டும் துள்ளல் ஆகிவிடாது. டயர் தரையைப் பற்றியிருக்கும்போது அதன் பக்கச்சுவர் மடங்குகிறது, டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் முறுக்கேறுகிறது, டிஃபரன்ஷியல் தன் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் முன்னோக்கி இழுபட, சப்ஃபிரேம் முழுவதும் தன் புஷ்களுக்குள்ளேயே சற்றுத் திரும்புகிறது. பிடிப்பு எல்லை மீறி டயர் வழுக்கியதும் இத்தனை இடங்களில் சேர்ந்திருந்த விசையும் ஒரே நேரத்தில் விடுபட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிடுகிறது. சக்கரம் மீண்டும் இறங்கித் தரையைப் பற்றியதும் எல்லாம் மறுபடி முறுக்கேறுகின்றன. சிமென்ட் தரையில் கனத்த மரப்பெட்டியை இழுத்தால் அது நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்ந்து அதிர்வதைப் போன்றதுதான் இது. இந்தச் சுழற்சி, சக்கரமும் ஹப்பும் பிரேக்கும் சேர்ந்த எடை இயல்பாகவே அதிரக்கூடிய வேகத்தோடு, அதாவது நொடிக்கு 10 முதல் 15 முறை என்ற அளவோடு ஒத்துப்போகும்போது, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகிறது.

எனவே வேறு எதைச் செய்வதற்கு முன்பும், துள்ளல் தொடங்கியதும் காலை எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டம் வீணாகும் என்பது உண்மைதான். ஆனால் துள்ளும் சக்கரம் தரையைப் பற்றும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்டில் இறங்குவது சுத்தியலடி என்பதால், சி.வி. ஜாயின்ட் (ஷாஃப்டின் முனையில் மடங்கித் திரும்பும் இணைப்பு), ஹாஃப் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஹவுசிங், அதன் மவுன்ட் என்று வரிசையாகச் செலவு வைக்கும். சகித்துக்கொண்டு ஓட்டினால் தானாக அடங்கும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

எங்கே தளர்வு இருக்கிறது என்பதை ஊகிக்காமல் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு புஷ்ஷின் உள் குழாயிலிருந்து வெளி வளையம் வரை வெள்ளை பெயின்டால் நேர்கோடு ஒன்று போட்டுவிட்டு, சில புறப்பாடுகளுக்குப் பிறகு பார்த்தால், ரப்பர் கிழிந்தோ இரும்பிலிருந்து விட்டுப்போயோ இருக்கும் இடத்தில் அந்தக் கோடு முறிந்திருக்கும். செல்பேசியை வண்டிக்கு வெளியே, சக்கரத்துக்குப் பக்கவாட்டில், பாதுகாப்பான தூரத்தில் தாழ்வாக நிறுத்தி ஸ்லோ மோஷனில் படமெடுப்பது இன்னும் நல்லது. சாதாரணமாக நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் ஒரு துள்ளலுக்கு இரண்டு மூன்று படங்களே கிடைக்கும். 240 படம் எடுத்தால் ஒரு துள்ளலுக்குக் குறைந்தது 16 படங்கள் கிடைப்பதால், சக்கரம் முன்பின்னாக ஆடுகிறதா, மேலும் கீழுமாக மட்டும் குதிக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். முன்பின் ஆட்டம் தெரிந்தால் குற்றம் புஷ்களில் இருக்கிறது. குதிப்பு மட்டும் இருந்தால் ஷாக்கையும் டயரையும் சந்தேகியுங்கள்.

புஷ் மாற்றுவதில் என் வரிசை இதுதான்: முதலில் சப்ஃபிரேமை பாடியோடு இணைப்பவை, அடுத்து டிஃபரன்ஷியலைத் தாங்குபவை, அதன் பிறகே ஆர்ம்களில் இருப்பவை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்த ரப்பர், ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வெடித்துப்போயிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. எனவே முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டுத்தான் கழற்ற ஆரம்பிக்க வேண்டும். புதிய ரப்பரே போதுமா, பாலியுரேத்தேன் போடலாமா, அலுமினியம் போடலாமா என்ற கேள்வி உடனே எழும். டிராக் ஓட்டத்துக்கு மட்டுமான வண்டி என்றால் சப்ஃபிரேமுக்கு அலுமினியமே உறுதியானது. படகின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கடையும் லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் அதைச் செய்தும் தருவார்கள். ஆனால் இரும்புக்குள் அலுமினியத்தை அடித்து உப்புக்காற்றில் விட்டால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் அரிப்பு ஏற்பட்டு, வெள்ளைத் தூளாகப் பூத்து, பிறகு கழற்றவே முடியாமல் இறுகிவிடும். படகின் அடியில் எதற்காகத் துத்தநாகக் கட்டி வைக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாலையிலும் ஓட்டப்போகும் உங்கள் வண்டிக்கு, சப்ஃபிரேமுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் கடினமான பாலியுரேத்தேன் போதும். டிஃபரன்ஷியலின் ஊளைச் சத்தம் சற்று உள்ளே கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழைய வண்டியில் சப்ஃபிரேமை இறக்கும்போது, அதைத் தாங்கும் பாடித் தகட்டையும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். 2006ஆம் ஆண்டுடன் நின்றுபோன ஈ46 தலைமுறையில் அந்தத் தகடு விரிசல் விடுவது உலகறிந்த குறை. விரிசலை அடைத்துப் பலப்படுத்தாமல் கடினமான புஷ் போட்டால், அதிர்ச்சி முழுவதும் தகட்டுக்கே போகும்.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, சாலையில் வண்டி சொகுசாகப் போகிறது என்பது அது நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. பாடி மேலும் கீழும் அசைவது நொடிக்கு ஒன்றிரண்டு முறை; சக்கரம் துள்ளுவதோ அதைவிடப் பல மடங்கு வேகம். மெதுவான அசைவை அடக்கும் ஷாக் வேகமான அசைவில் தோற்றுப்போவது உண்டு. புஷ் வேலை முடிந்த பிறகும் துள்ளல் மிச்சமிருந்தால், கம்ப்ரஷனையும் (அமுங்குதல்) ரீபவுண்டையும் (மீண்டும் நீளுதல்) தனித்தனியாகத் திருகி மாற்றக்கூடிய ஷாக்கை வாங்குங்கள். அதற்கு முன்பு வாங்கினால், எந்தத் திருகு எதை மாற்றியது என்றே தெரியாது.

டயரில் சிலவற்றைச் செலவில்லாமலே செய்யலாம். தொழிற்சாலையில் போட்டு வந்த ரன்ஃப்ளாட் டயர் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியது) இன்னும் இருந்தால், அதன் விறைப்பான பக்கச்சுவர் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. சாதாரண டயரில் காற்றை ஒவ்வொரு முறையும் 2 பி.எஸ்.ஐ. வீதம் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். குறைக்கக் குறைக்கப் பிடிப்பு கூடும், ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பக்கச்சுவரே ஸ்பிரிங்காக மாறித் துள்ளலை வளர்க்கும். அங்கிருந்து ஒரு படி ஏற்றி வைத்துக்கொண்டால் போதும். ஓட்டம் முடிந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டே வீட்டுக்கு ஓட்டுங்கள்.

மேலே சொன்ன கணக்கின்படி, டயர் தாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையை முதல் கியரில் அனுப்புகிறீர்கள். ரீமேப் செய்தவரிடம் முதல் கியருக்கு மட்டும் முறுக்குவிசையைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்; நேரம் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம், துள்ளாமல் கிளம்பும் வண்டியே முந்தும். புறப்படும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு என்ஜினைச் சற்று ஏற்றிப் பிடித்தால், டிரைவ்லைனில் உள்ள தளர்வும் ரப்பரின் நெகிழ்வும் முன்கூட்டியே இறுகிவிடும்; விட்டதும் வரும் அடி சிறிதாகும். நீண்ட நேரம் பிடித்து கியர்பாக்ஸைச் சூடாக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் வெவ்வேறு தடிமனுள்ள ஹாஃப் ஷாஃப்ட் போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். 2009ஆம் ஆண்டின் கேடிலாக் சி.டி.எஸ்.-வி செடானில் அப்படித்தான் வந்தது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் அதிராமல் தடுப்பதே அதன் நோக்கம். நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊரில் தனியாக ஷாஃப்ட் செய்து வாங்கும் செலவில் மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

சோதனை ஓட்டத்துக்கு, தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் நேர்சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்கீழ் குற்றம். சுற்றுலா வந்தவர்கள் குழந்தைகளோடு நடக்கும் சாலை அது. அதோடு, கச்சான் எனும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் சாலையில் படிந்துகொண்டே இருக்கும். மணலில் வழுக்கித் தாரில் பற்றும் டயர் எந்த நல்ல வண்டியிலும் துள்ளும் என்பதால், அங்கே கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடத்தில் அனுமதியோடு ஓட்டிப் பாருங்கள்.

புஷ் வேலையைப் பட்டறையில் கொடுக்கும்போது ஒன்றை வலியுறுத்துங்கள்: ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளை, வண்டி சக்கரங்கள் மீது தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்து, இதுவரை துள்ளியதில் சி.வி. பூட் (சி.வி. ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே அடுத்த புறப்பாட்டுக்கு வண்டியை எடுங்கள்.