பழைய ரீபவுண்ட் ஹேமரை வாங்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் தனியாக ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி தொடங்கியிருக்கிறேன். பழைய வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டு வருபவர்களே அதிகம். மூடப்போகும் ஒரு டெஸ்டிங் லேபில் ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டில் அடித்து, துள்ளித் திரும்புவதை வைத்து அதன் கடினத்தை எண்ணாகக் காட்டும் கருவி) பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடவே ஆன்வில் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஹேமரைச் சோதிக்கும் அந்த எஃகுக் கட்டி இல்லையென்றால் பாதி விலையும் அதிகம்தான். சாதாரண கட்டட வேலைக்கு வேண்டியது 'N' வகை ஹேமர். அதை ஆன்வில் மேல் செங்குத்தாக வைத்து அடித்தால் வழக்கமாக 80 காட்ட வேண்டும், இரண்டு கூடலாம் குறையலாம். தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். எண் தாவிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே சிமெண்ட் தூசி அடைந்திருக்கலாம். சரிசெய்து, காலிபரேஷன் சான்றிதழும் தந்தால் பேசலாம். ஆன்விலில் சரியாக இருப்பதும் பாதி உறுதிதான். கான்கிரீட்டில் வருவது 20 முதல் 50 வரையிலான எண்கள். நம்பகமான வேறொரு ஹேமரைக் கடன் வாங்கி, ஒரே தூணில் இரண்டாலும் அடித்து ஒப்பிட்டுவிடுங்கள்.

விற்பவர்கள் 'அடிச்சா ஸ்ட்ரெங்த் வந்துடும் சார்' என்பார்கள். வராது. வருவது மேற்பரப்பின் கடினம். அதிலிருந்து கணிக்கும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13311 இரண்டாம் பாகமே (1992) சொல்லிவிட்டது. இப்போது அதன் இடத்தில் ஐ.எஸ். 516 வந்திருக்கிறது. வலிமை 20 மெகாபாஸ்கல் என்று கணித்த கான்கிரீட் உண்மையில் 15 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். மாடி எழுப்புவதா வேண்டாமா என்பது அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. போதாக்குறைக்கு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பட்டுப் பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும். உள்ளே சுமாராக இருந்தாலும் ஹேமர் நல்ல எண்ணாகவே காட்டும்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளில் தூணெல்லாம் பூச்சுக்குள் இருக்கும். பூச்சின் மேல் அடித்தால் பூச்சின் எண்தான் வரும். கொத்தி எடுத்து, ஹேமருடன் வரும் சாணைக்கல்லால் தேய்த்து, அப்புறம் அடிக்க வேண்டும். அந்தக் கல் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, அப்படியானால் ஹேமர் எதற்கு? எந்தத் தூண் மற்றவற்றைவிட மோசம், எங்கே கோர் (துளைத்தெடுத்து லேபில் உடைத்துப் பார்க்கும் கான்கிரீட் உருளை) எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க. அதற்கு நல்ல கருவி, வாங்குங்கள். கோர் எடுக்கும் செலவை மட்டும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒலி அலை செலுத்திக் கான்கிரீட்டின் உள்ளே சோதிக்கும் அல்ட்ராசானிக் கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். வேண்டும்போது லேபை அழைத்தால் போதும்.

கேள்வி: கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க ரீபார் லொக்கேட்டர் புதிதாக வாங்கினேன். இரண்டே மாதத்தில் டிஸ்ப்ளே போய்விட்டது. 'இது தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கெல்லாம் செல்லாது' என்கிறார் டீலர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கி, தானே பயன்படுத்துபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) விலக்கு தருகிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொன்னது. பத்துப் பேரை வேலைக்கு வைத்து நிறுவனமாக நடத்துகிறீர்கள் என்றால் டீலர் சொல்வது எடுபடக்கூடும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; டீலரின் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தக் கருவியை நானே தளத்துக்கு எடுத்துப்போய் நானே பயன்படுத்துகிறேன், இதுதான் என் பிழைப்பு என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டுத்தான் பலர் முதல் வாய்தாவிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.