இளம் வயதில் ஆட்டத்தை விட்டு விலகுதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பந்தைக் கையில் ஏந்தி, உடலோடு உடல் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர்களான கிறிஸ் போர்லண்ட் தலைக்காயத்துக்கு அஞ்சியும், ஜான் அர்ஷல் கணித ஆய்வுக்காகவும் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டதாகப் படித்தேன். இது திறமையை வீணடிப்பதல்லவா? அந்த இடத்துக்கு ஏங்கும் பல்லாயிரம் இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஒருவர் விலகினால் அணியில் அவருடைய இடம் காலியாகிறது. ஏங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் அங்கே வருகிறார். அநீதி எதுவும் நிகழவில்லை.

முதல் கேள்வியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளால் மூளை சிதையும் நோய் ஒன்று உண்டு. நினைவையும் மனநிலையையும் குலைக்கும் அந்த நோயை, மனிதர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தே உறுதிசெய்ய இயலும். 2017 ஜூலையில் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், தானமாகப் பெற்ற தொழில்முறை வீரர்களின் 111 மூளைகளில் 110-இல் அந்நோய் காணப்பட்டது. நோய் இருக்குமோ என்ற ஐயத்தில் குடும்பத்தார் கொடுத்த மூளைகளே அவற்றில் பல என்பதால், எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆனாலும், உயிரோடிருக்கும் ஒருவர் உறுதியான சான்று கைக்கு வரும்வரை காத்திருக்க வழியே இல்லாதபோது, முன்கூட்டியே முடிவெடுப்பதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? போர்லண்ட் 2015-இல், ஒரே ஒரு பருவம் ஆடிய பின், 24 வயதில் விலகினார்; ஒப்பந்தத்தின்போது பெற்ற ஊக்கத்தொகையில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்தார்.

அர்ஷலின் நிலை வேறு. பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கணித முனைவர் பட்டத்துக்குப் படித்தவர் அவர். 2015 பயிற்சி முகாமில் தலையில் அடிபட்டபோது, உடல் களத்துக்குத் தேறிய பிறகும் உயர்கணிதத்துக்கு வேண்டிய கற்பனைத் திறன் மீள இன்னும் சிறிது காலம் பிடித்தது என்று அவரே கூறியிருக்கிறார். ஒரு திறமையைக் காக்க இன்னொன்றை விட்டார். 2017-இல், பாஸ்டன் ஆய்வு வெளியான இரண்டே நாளில், 26 வயதில் விலகி, 2021-இல் பட்டம் பெற்றார். இதில் எது வீணாயிற்று?

திறமை பார்வையாளருக்குச் சொந்தம் என்ற எண்ணமே இந்த வருத்தத்தின் வேர் என்று கருதுகிறேன். 2019 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் அணியின் நட்சத்திர வீரர் ஆண்ட்ரூ லக் 29 வயதில் விலகும் செய்தி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே கசிந்தது. தோள், விலா, சிறுநீரகம் எனக் காயத்தின்மேல் காயம் பட்டு, ஆட்டத்தின் மகிழ்ச்சியையே இழந்துவிட்டதாகச் சொன்ன அவரை, இண்டியானாபொலிஸ் அரங்கிலேயே ரசிகர்கள் சிலர் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அந்தக் காட்சி என்னை இன்றும் வேதனைப்படுத்துகிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டியவர்கள் வேறு சிலர். அர்ஷலுக்குக் கணிதம் இருந்தது. ஏழ்மையிலிருந்து வந்து, கல்லூரி நாட்களையும் பயிற்சிக்கே கொடுத்து, வேறு தொழில் எதையும் கற்காத வீரருக்கு அடிபட்ட மறுவாரமும் களமிறங்குவதைத் தவிர வழியில்லை; ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் உத்தரவாதமும் பெரும்பாலோருக்குக் கிடையாது. அவர்களும் விரும்பும்போது விலகிச் செல்லும்படி கல்லூரிகள் அவர்களுக்கு உண்மையான கல்வியைத் தரவேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.