மொழி தெரியாமலே பிள்ளைகள் பார்க்கக்கூடிய பழைய குறும்படம் எது?

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் திரையிட, வசனம் புரியாவிட்டாலும் ரசிக்கக்கூடிய படம் கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் ‘சிவப்பு பலூன்’ போடுங்கள்.

பிரெஞ்சு இயக்குநர் அல்பேர் லாமொரிஸ் 1956இல் எடுத்தது, 34 நிமிடம். பாரிஸில் தனியாகத் திரியும் பையனுக்கு ஒரு பலூன் கிடைக்கிறது. நூலை விட்டாலும் அது அவனை விட்டுப் போகாது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பின்னாலேயே பறந்து வரும். வீட்டுக்குள் விட மாட்டார்கள். சன்னலுக்கு வெளியே காத்திருக்கும். பலூனுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. அதன் அசைவு ஒன்றே அதற்கு மனசு இருப்பதாக நம்ப வைத்துவிடுகிறது. வசனம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் சிறந்த திரைக்கதைக்கான ஒஸ்கார் இதற்குத்தான் கிடைத்தது! அந்தப் பையன் இயக்குநரின் மகன் பஸ்கால். மங்கிய சாம்பல் நிறத் தெருக்களில் அந்தச் சிவப்பு எப்படித் தெரிகிறது என்று கவனியுங்கள். அதனால் அறையை நன்றாக இருட்டாக்குங்கள்.

அடுத்ததாக, அவரே 1953இல் எடுத்த ‘வெள்ளைப் பிடரி’. தெற்கு பிரான்ஸின் கமார்க் சதுப்பு நிலத்தில் மீனவச் சிறுவனுக்கும் யாருக்கும் அடங்காத குதிரைக்கும் வரும் நட்பு. நெடுந்தீவு மட்டக்குதிரைகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். இதில் பின்னணிக் குரல் உண்டு. யாராவது தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆனால் இதன் முடிவு கனமானது, குதிரையும் பையனும் கடலுக்குள் போய்விடுவார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பலூன் மட்டும் போதும். அதிலும் மற்றப் பையன்கள் பலூனைக் கல்லால் அடிக்கும் இடத்தில் சிலர் அழுவார்கள், அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் நகரத்துப் பலூன்கள் எல்லாம் அவனைத் தேடி வருகின்றன.