அவுட்போர்டு மோட்டாருக்குள் தண்ணீர்: கேள்வி பதில்

குளச்சலில் இருந்து ஒரு தம்பி: அண்ணே, வள்ளத்தில் இருப்பது பன்னிரண்டு வருசப் பழைய மண்ணெண்ணெய் மோட்டார். கியர் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி வருகிறது. மாற்றினேன், பத்து நாளில் மறுபடியும் அதே கதி.

ஆயிலை மாற்றினால் தண்ணீர் வரும் வழி அடைபடாது தம்பி. மோட்டாரை ஒரு ராத்திரி முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையில் கியர் பெட்டியின் கீழ் ஸ்குருவை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் பிரிந்தது அடியில் நிற்கும், முதலில் அதுதான் சொட்டும். நாலைந்து சொட்டு என்றால் ஸ்குரு வாஷரையே முதலில் சந்தேகப்படுவேன். அரை டம்ளர் வந்தால் சீல், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருக்கிறது.

அப்புறம் புரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தங்கூசி (நைலான் நூல்) சுற்றி, சூட்டில் உருகி, சாம்பல் நிற வளையம் போல ஷாஃப்ட்டோடு ஒட்டியிருக்கும். பார்த்தால் மோட்டாரின் பாகம் மாதிரியே தெரியும். கத்தி முனையால் நிமிண்டினால் இழை இழையாக வரும். சீலின் உதட்டை அறுப்பது அதுதான். நம் கடலில் வலை நூல் சிக்காத நாளே இல்லை. மாதம் ஒரு முறையாவது புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

முட்டம்: எந்த சீல் என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆயிலை வடித்துவிட்டு, மேல் ஸ்குருவை இறுக்கி, கீழ்த் துளையில் பொருந்துகிற நிப்பிள் போட்டு, அளவுமானி உள்ள சைக்கிள் பம்ப்பால் 10 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலே தள்ளிக்கொண்டு வந்துவிடும். முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நின்றாலும் அத்தோடு விடாதீர்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், கியர் கம்பியை மாற்றி மாற்றித் தள்ளுங்கள். சும்மா இருக்கும்போது காற்றைப் பிடிக்கிற சீல், சுற்றும்போது விட்டுவிடும். முள் இறங்கினால் கியர் பெட்டியை டிரம் தண்ணீரில் முக்குங்கள். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கேதான் ஓட்டை.

குமிழி வாட்டர் பம்ப் பக்கம் வந்தால், எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் சீல். அதைப் பார்க்கப் பம்ப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கையோடு தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

தூத்தூர்: புது சீல் போட்டும் தண்ணீர் ஏறுகிறது. கடைக்காரர் தந்தது சரியில்லையா?

சீலைக் குறை சொல்லும் முன் ஷாஃப்ட்டைப் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, எந்தச் சீலும் அங்கே நிற்காது. ஷாஃப்ட்டை மாற்றலாம். இல்லையென்றால் மேலே மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். இடம் இருந்தால் சீலை ஒரு மயிரிழை தள்ளி உட்கார வைத்தும் பார்க்கலாம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் பெரும்பாலும் இரண்டு சீல் இருக்கும். ஒன்று ஆயிலைத் தடுக்க, ஒன்று கடலைத் தடுக்க. பழசைக் கழற்றும்போதே எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போன் கேமராவில் எடுத்து வையுங்கள், அதே மாதிரி மாட்டுங்கள். உதட்டில் கிரீஸ் தடவாமல் ஏற்றாதீர்கள். ஓ-ரிங்கும் இரண்டு ஸ்குரு வாஷரும் ஒவ்வொரு முறையும் புதுசு. சில ரூபாய் வாஷருக்காகக் கியர் செட்டையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குருவைப் போட்டுவிட்டு, அப்புறம் கீழே மூடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: வெளியே எம்-சீல் பசை பூசினால் போதாதா?

போதாது. சுற்றுகிற ஷாஃப்ட்டில் அது நிற்காது.

தேங்காய்ப்பட்டணம்: கியர் ஆயில் சுத்தம். ஆனால் இரண்டு ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுத்து இருக்கிறது.

அந்த சிலிண்டருக்குள் குளிர்விக்கும் தண்ணீர் கசிகிறது. நீராவிதான் கரியைக் கழுவுகிறது. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். ஹெட்டைக் கழற்றியதும் தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேயுங்கள், வளைந்திருந்தால் சில இடங்களில் மட்டும் பளபளக்கும். போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஹெட் நன்றாக இருந்தால் எக்ஸாஸ்ட் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள். உப்பு அரித்த அலுமினியத்தில் அங்கேயும் ஓட்டை விழும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அடி பேரிங் துருப்பிடித்தால் கிராங்கே போய்விடும்.

மன்னாரில் இருந்து: அண்ணை, படகு கவிழ்ந்து எஞ்சின் கடலுக்குள்ளே போய்விட்டது. எடுத்தாச்சு. இப்போ என்ன செய்கிறது?

உடனே நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கச் சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், வலுக்கட்டாயமாகச் சுற்றினால் இன்னும் கெடும். தடையின்றிச் சுற்றினால் தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரைக் கழுவி, சிலிண்டருக்குள் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். அன்றைக்கே பார்க்க மெக்கானிக் இல்லையென்றால் எஞ்சினைக் காற்றில் காய விடாதீர்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முழுக்க முக்கி வையுங்கள். உப்பு பட்ட இரும்பு காற்றில்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். மெக்கானிக் வந்து கருவியை எடுத்த பிறகு வெளியே தூக்கினால் போதும்.