60 வயதுக்கு மேல் நடிக்க வந்து பெரிய பெயர் வாங்கியவர் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். டான் ஜார்ஜ். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை ஒட்டிய பூர்வகுடி ஊர் ஒன்றில் 1899-இல் பிறந்தவர். 60 வயதை ஒட்டித்தான் முதன்முதலாகக் கேமரா முன்னால் நின்றார். 71 வயதில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

இவரை எனக்குக் காட்டிக் கொடுத்தது என் அப்பா. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'தி அவுட்லா ஜோஸி வேல்ஸ்' படத்தை ஒருநாள் ராத்திரி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் பல வருஷம் சுமை தூக்கியவர். ஆங்கிலம் தெரியாது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கிழவர் வந்ததும் நிமிர்ந்து, "ஏல, இந்தப் பெரியவரு சொமை தூக்குன ஆளுல. எந்திக்கிறதப் பாரு" என்றார். கையைத் தொடையில் ஊன்றி, ஒரு நொடி நின்று, அப்புறம்தான் இடுப்பை நிமிர்த்துவார் அந்தக் கிழவர். அப்பாவும் அப்படித்தான் எழுந்திருப்பார்.

யார் இவர் என்று தேடிப் படித்தேன். அப்பா சொன்னது சரி. ஏறக்குறைய கால் நூற்றாண்டு வான்கூவர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியவர் டான் ஜார்ஜ். 1947-இல் ஒரு மரச்சுமை மோதிப் படுகாயம் பட்டதோடு அந்த வேலை போயிற்று. பிறகு கட்டட வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டுவது என்று கிடைத்ததையெல்லாம் செய்திருக்கிறார். நடுவில் சொந்தமாக ஒரு இசைக்குழு வைத்து டபுள் பேஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியம் வாசித்தார்.

அவர் ஸ்லே-வாட்டூத் என்ற இனத்தைச் சேர்ந்தவர். 'கடற்கழி மக்கள்' என்று பொருள். ('செவ்விந்தியர்' என்ற சொல் நம்மிடம் இன்னும் புழங்குகிறது. எனக்கு அதை எழுத மனம் வரவில்லை.) 5 வயதில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் சேர்த்தபோது அவருடைய குடும்பப் பெயரை எடுத்துவிட்டு 'ஜார்ஜ்' என்று மாற்றினார்கள். இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் தண்டனை. கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகள் கூடி விருந்து வைத்து, ஆடிப் பாடி, பொருள்களை வாரி வழங்கும் 'பாட்லாட்ச்' சடங்கும் 1885 முதல் சட்டப்படி குற்றம். அந்தத் தடை 1951-இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. அதே வருஷம் டான் ஜார்ஜ் தன் மக்களுக்குத் தலைவரானார். 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நடிப்பு தற்செயலாக வந்தது. கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி தொலைக்காட்சியின் 'கரிபூ கண்ட்ரி' தொடரில் ஒரு பூர்வகுடிக் கிழவர் வேடத்தில் நடிக்க இருந்த வெள்ளைக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். அதே தொடரில் நடித்துக்கொண்டிருந்த டான் ஜார்ஜின் மகன் 'எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்களேன்' என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் ஆரம்பித்தது. வருஷம் 1960. பூர்வகுடிகள் பூர்வகுடி என்ற சட்ட அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமலே கனடா நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று ஆனதும் அந்த 1960-இல்தான். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகுதான் அந்த மனிதருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டே கிடைத்தது.

எல்லாரும் ஆஸ்கரைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அவருடைய வருஷம் 1967.

அந்த ஜூலை 1, கனடா நாட்டுக்கு நூறு வயது. வான்கூவர் எம்பயர் ஸ்டேடியத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், எல்லாரும் கொண்டாட வந்தவர்கள். டான் ஜார்ஜ் எழுந்து 'கான்ஃபெடரேஷனுக்கு ஓர் ஒப்பாரி' வாசித்தார். (மாகாணங்கள் இணைந்து கனடா நாடானதைத்தான் கான்ஃபெடரேஷன் என்பார்கள்.) உன்னை எத்தனை காலமாகத் தெரியும் கனடாவே, நூறு வருஷமா என்று தொடங்கி, நீ கொண்டாடும் இந்த நாளில் என் மக்களை நினைத்து எனக்குத் துக்கமாக இருக்கிறது என்கிறார். என் சுதந்திரம் கடலுக்குள் போய் மறையும் சால்மன் மீன்களைப் போலப் போய்விட்டது என்கிறார். நடுவில் ஒரு வரி: உங்கள் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் என்னைக் கேலிப்பொருள் ஆக்கினீர்கள். முடிக்கும்போது, வெள்ளைக்காரனின் படிப்பையும் திறமையையும் நானும் கைக்கொண்டு எழுவேன், எங்கள் பிள்ளைகள் சட்ட மன்றங்களில் உட்காருவதைக் காண்பேன் என்கிறார். பிறந்தநாள் வீட்டில் ஒப்பாரி வைப்பதென்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதையும் வசை எதுவும் இல்லாமல், ஒரு தாத்தா பேசுகிற நிதானத்தில் சொன்னார்.

நாடகங்களில் எங்களைக் கேலி செய்தீர்கள் என்று சொன்ன அதே மனிதர், அதே வருஷம் நவம்பரில் வான்கூவர் பிளேஹவுஸ் மேடையில் ஏறினார். ஜார்ஜ் ரைகா எழுதிய 'தி எக்ஸ்டசி ஆஃப் ரீட்டா ஜோ'. நகரத்துக்குப் பிழைக்க வந்த ஒரு பூர்வகுடிப் பெண், நீதிமன்றத்துக்கும் சிறைக்குமாக அலைந்து கடைசியில் கொல்லப்படுகிற கதை. மகளை வீட்டுக்கு அழைத்துப் போக வரும் அப்பாவாக டான் ஜார்ஜ். ரீட்டாவாக நடித்தவர் பூர்வகுடி அல்ல, பிரான்சஸ் ஹைலண்ட் என்ற வெள்ளைக்கார நடிகை. அன்றைய நிலைமை அப்படி. ஆனால் அந்த அப்பா வேடத்தில் இருந்தவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர். மகளைப் பறிகொடுத்த தகப்பன் எப்படி நிற்பான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. 1969-இல் ஒட்டாவாவில் தேசியக் கலை மையம் திறந்தபோது இந்த நாடகம் அங்கேயும் போனது.

அப்புறம்தான் 1970-இல் ஆர்தர் பென் இயக்கிய 'லிட்டில் பிக் மேன்'. டஸ்டின் ஹாஃப்மனை வளர்க்கும், ஷெயான் என்ற பூர்வகுடி இனத்துத் தலைவர் வேடம். ஹாலிவுட்டில் அப்போதெல்லாம் இந்த மாதிரி வேடங்களுக்கு வெள்ளை நடிகர்களின் முகத்தில் சாயம் பூசிவிடுவதுதான் வழக்கம். இந்த முறை அது நடக்கவில்லை. நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த துணை நடிகர் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடி நடிகர் ஒருவர் நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் அதுதான் முதல் முறை. விருது ஜான் மில்ஸுக்குப் போனது. எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.

இன்னொரு வருத்தமும் உண்டு. டான் ஜார்ஜின் மக்கள் தேவதாருப் படகும் சால்மனுமாக வாழ்ந்த கடலோரத்துக்காரர்கள். திரையுலகம் அவரைக் குதிரையேறும் சமவெளி ஷெயானாக, இன்னொரு இனமான செரோக்கியாக ஆக்கியது. பூர்வகுடி என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் தன் மக்களை இழிவாகக் காட்டும் வேடங்கள் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

'ஜோஸி வேல்ஸ்' வந்தது 1976-இல். அதில் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட செரோக்கிக் கிழவர் அவர். வாஷிங்டன் போய் அமைச்சரைப் பார்த்த கதையைச் சொல்வார். நிலத்தையெல்லாம் பறிகொடுத்து வந்தவர்களிடம், விடாமுயற்சியோடு இருக்க முயலுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதை ரொம்ப நேரம் யோசித்தோம், யோசித்து முடித்ததும் அவர்கள் மேல் போர் தொடுத்தோம் என்பார். முகத்தில் ஒரு தசை அசையாது.

1981 செப்டம்பரில் வான்கூவரில் காலமானார். வயது 82.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால் 'லிட்டில் பிக் மேன்' என்பேன். அதில் கடைசியில் கிழவர் மலையுச்சிக்கு ஏறுவார். இன்றைக்குச் செத்துப்போவது என்று முடிவு. வாழ்ந்ததற்கெல்லாம் நன்றி சொல்லி, ஆடி, தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடுவார். சாவு வராது. மழைதான் வரும். ஒரு சொட்டு முகத்தில் விழும், இமை துடிக்கும். நான் இன்னும் இந்த உலகத்தில்தான் இருக்கிறேனா என்று கேட்பார். ஆமாம் தாத்தா என்பான் அவர் வளர்த்த பேரன். அப்படித்தான் ஆகுமென்று பயந்தேன், மந்திரம் சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது என்று முனகிக்கொண்டே எழுந்து, அவன் தோளைப் பிடித்து இறங்குவார். சாப்பிடப் போகலாம் வா என்று கூட்டிப் போவார்.

அந்தக் காட்சிக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அப்பா அதை மூன்று தடவை போடச் சொன்னார்.