பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கு இன்றைய பிசி டூல்கள்: எதை நம்பலாம், எப்படிச் சோதிக்கலாம்? (கேள்வி பதில்)

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ. இந்த மூன்றுக்கும் லேப்டாப்பில் புரோகிராம் எழுதும் குமரி மாவட்டத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் கீழே. முகவரி எண்களை எல்லாம் தசமத்திலேயே தந்திருக்கிறேன்.

கோட்டாறில் இருந்து: அண்ணாச்சி, ஸ்பெக்ட்ரத்துக்கு பாஸ்மோ நல்லதா, எஸ்ஜாஸ்ம்பிளஸ்ஸா?

இரண்டுமே அசெம்பிளர், அதாவது நாம் எழுதும் கட்டளையை மெஷினுக்குப் புரியும் பைட்டாக மாற்றும் டூல். சின்ன புரோகிராமுக்கு பாஸ்மோ போதும். டேப்பாஸ் ஆப்ஷன் கொடுத்தால் பேசிக் லோடரோடு சேர்த்து டேப் ஃபைலே வந்துவிடும். நாலைந்து ஃபைலாக வளரும் வேலை என்றால் எஸ்ஜாஸ்ம்பிளஸ்தான். ஆனால் அதை நிறுவியபடியே விட்டால் ஒரு குழி இருக்கிறது. ஏ, பி என்பவை பிராசஸருக்குள் எண் வைக்கும் ரெஜிஸ்டர்கள். பல இடங்களில் 'ஆட் ஏ, பி' என்று எழுதிய பழக்கத்தில் 'சப் ஏ, பி' என்றும் எழுதுவோம். எஸ்ஜாஸ்ம்பிளஸ் அந்தக் கமாவை 'இரண்டு கட்டளை' என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது 144 என்ற ஒரே பைட். அது 151, 144 என்று இரண்டு பைட் எழுதும். முதல் கட்டளை ஏ-யில் இருந்து ஏ-யைக் கழித்துப் பூஜ்யமாக்கிவிடும், அதன் பிறகு பி கழியும். எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

சின்டாக்ஸ் ஆப்ஷனில் ஏ, பி, எஃப் மூன்று எழுத்தையும் கொடுத்துவிடுங்கள். ஏ கொடுத்தால் ஒற்றைக் கமா பிரச்சினை தீரும். எஃப் கொடுத்தால், ஸ்பெக்ட்ரத்தின் பிராசஸரான இசட்80-யில் இல்லாத கட்டளையை அது தானாக இரண்டாகப் பிரித்து எழுதும்போது எச்சரிக்கை வரும். பாஸ்மோவுக்கு எழுதிய கோடை இங்கே கொண்டுவந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டளையை வரியின் முதல் இடத்தில் தொடங்கினால் எஸ்ஜாஸ்ம்பிளஸ் அதை லேபிள் என்று நினைக்கும். ஒரு டேப் தள்ளி எழுதணும்.

புது அசெம்பிளர் எதுவானாலும் முதல் சோதனை இதுதான்: பத்திருபது கட்டளை எழுதி, லிஸ்டிங் ஃபைல் எடுத்து, இசட்80 ஆப்கோட் (கட்டளைக்குரிய எண்) அட்டவணையோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள்.

மார்த்தாண்டத்தில் இருந்து: எமுலேட்டரில் அழகா ஓடுது. நிஜ ஸ்பெக்ட்ரத்தில் லோட் ஆனதும் தொங்குது, இல்லேன்னா ஆளு தானா ஓடுறான். ஏன்?

ஆள் தானாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக். அது போர்ட் 31. எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போலவே லேப்டாப்பில் ஓடும் மென்பொருள்) கெம்ப்ஸ்டன் ஆன் செய்திருந்தால் யாரும் தொடாதபோது 0 வரும். நிஜ மெஷினில் அந்த இன்டர்ஃபேஸே இல்லையென்றால் 255 போன்ற எண்கள் வரும். எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் அழுத்தியது மாதிரி ஆகிவிடும். ஃப்யூஸ் எமுலேட்டரில் கெம்ப்ஸ்டனை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், அங்கேயே தெரிந்துவிடும். கோடில், மேல் மூன்று பிட்டில் ஏதாவது ஒன்று 1 ஆக இருந்தால் ஜாய்ஸ்டிக் இல்லை என்று முடிவு செய்யலாம்.

தொங்குவதற்குக் காரணம் பல.

முதலாவது, எஸ்என்ஏ ஸ்னாப்ஷாட், அதாவது ஓடும் மெஷினின் நிலையை அப்படியே சேமித்த ஃபைல். அதில் 48கே மெமரி முழுவதும், ரெஜிஸ்டர்களும் அப்படியே இருக்கும். நாம் பூஜ்யமாக்க மறந்த வேரியபிளும் அதில் பூஜ்யமாகவே இருக்கும். டேப்பில் இருந்து ஏற்றினால் நாம் அனுப்பிய பைட் மட்டும்தான் போகும், மற்ற இடத்தில் ஏதோ குப்பை. எஸ்என்ஏ இன்னொன்றும் செய்யும்: புரோகிராம் கவுன்டரை (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) ஸ்டேக்கில் வைத்துச் சேமிப்பதால் அங்கே இரண்டு பைட் அழியும். ஆகவே எழுதும்போது எஸ்என்ஏ வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்கும்போது டேப் ஃபைல் மட்டும். லோடருக்கு முன்னால் 32768 முதல் மேலே முழுவதையும் 229 போன்ற ஒரு எண்ணால் நிரப்பும் சின்ன ரொட்டீன் போட்டால் இந்த வகைப் பிழை அத்தனையும் லேப்டாப்பிலேயே வெளியே வரும்.

இரண்டாவது, ஐஎம் 2 இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறித்து நம் ரொட்டீனுக்குப் போகும் முறை. அந்த ரொட்டீனின் முகவரி இருக்கும் வெக்டர் அட்டவணையை 2 பைட்டில் முடிப்பவர்கள் டேட்டா பஸ்ஸில் 255 வரும் என்று நம்புகிறார்கள். எமுலேட்டரில் வரும். பின்னால் ஏதாவது இன்டர்ஃபேஸ் செருகிய நிஜ மெஷினில் வேறு எண்ணும் வரலாம். 257 பைட்டுக்கும் ஒரே எண்ணை நிரப்புவதுதான் வழி. அட்டவணையை 32768-க்கு மேலே வையுங்கள். ஐ ரெஜிஸ்டர் 64 முதல் 127 வரை இருந்தால் 48கே மெஷினில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பறக்கும்.

மூன்றாவது, ஐஒய் ரெஜிஸ்டர். ரோமின் இன்டரப்ட் ரொட்டீன் அதில் 23610 இருக்கிறது என்று எண்ணியே வேலை செய்யும். அதை மாற்றினால் இன்டரப்டை நிறுத்தி வையுங்கள். பேசிக்குக்குத் திரும்பும்போது மாற்று எச்எல்லில் 10072 இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தக்கலையில் இருந்து: கமடோர் 64-க்கு ஆக்மி, கிக் அசெம்பிளர், 64டாஸ், சிஏ65. எது?

மேக்ரோ நிறைய எழுதுபவருக்கு கிக் அசெம்பிளர். அதற்கு ஜாவா வேண்டும். லேப்டாப் பழசு என்றால் 64டாஸ் அல்லது ஆக்மி இலகுவாக ஓடும். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் அப்படியே போட முடியாது, டைரக்டிவ் எல்லாம் வேறு வேறு. எனவே முதலிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிஏ65 ஒரே ஓட்டத்தில் அசெம்பிள் செய்வது. ஜீரோ பேஜ் (மெமரியின் முதல் 256 பைட்) லேபிளைக் கீழே அறிவித்துவிட்டு மேலே பயன்படுத்தினால், அது ஜீரோ பேஜ் என்று அதற்குத் தெரியாது. 2 பைட், 3 சைக்கிளில் முடிய வேண்டிய 165 ஆப்கோடுக்குப் பதில் 3 பைட், 4 சைக்கிள் எடுக்கும் 173 வரும். புரோகிராம் ஓடும், ஆனால் மெதுவாக. ஜீரோ பேஜ் அறிவிப்பு எல்லாம் ஃபைலின் தலையில் இருக்கட்டும்.

பிஆர்ஜி ஃபைலின் முதல் இரண்டு பைட் லோட் முகவரி, சிறிய பைட் முதலில். 1, 8 என்று தொடங்கினால் 2049, அதாவது பேசிக் தொடங்கும் இடம். ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு பார்வை பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

கருங்கலில் இருந்து: சி மொழியிலேயே எழுதலாமா?

எழுதலாம். ஸ்பெக்ட்ரத்துக்கு இசட்88டிகே கொள்ளாம். கமடோர், பிபிசி மைக்ரோவில் உள்ள 6502 வகைப் பிராசஸருக்கு சிசி65 பழையது, உறுதியானது. ஆனால் அது தரும் கோட் மெதுவானது. ஆஸ்கார்64 கமடோருக்கு வேகமான கோட் தரும். சிசி65-இல் ஃப்ளோட்டை நம்பி இறங்க வேண்டாம். லோக்கல் வேரியபிள் எல்லாம் மென்பொருள் ஸ்டேக் வழியாகப் போவதால்தான் அந்த மந்தம். ஸ்டாட்டிக் லோக்கல்ஸ் ஆப்ஷன் போட்டால் வேகம் கூடும், ரிகர்ஷன் மட்டும் கெடும். இன்ட் 16 பிட் என்பதால் 32767-க்கு மேல் போனால் எதிர்மறை எண்ணாகிவிடும். பிசியில் பழகியவர்கள் விழும் இடம் அதுதான்.

குலசேகரத்தில் இருந்து: ஒவ்வொரு மாற்றத்துக்கும் எமுலேட்டரைத் திறந்து கையால பார்க்கிறது பெரிய எளவா இருக்கு அண்ணே.

கையால் பார்க்க வேண்டாம். கமடோருக்கு, வைஸ் எமுலேட்டரின் எக்ஸ்64எஸ்சி-யை வார்ப் வேகத்தில், டீபக்கார்ட் ஆப்ஷனோடு கமாண்ட் லைனில் இருந்து ஓட்டுங்கள். நம் சோதனை கோட், ரொட்டீனைக் கூப்பிட்டு விடையைச் சரிபார்த்து, சரியென்றால் 0, தப்பென்றால் வேறொரு எண்ணை 55295 முகவரியில் எழுத வேண்டும். எழுதிய உடனே எமுலேட்டர் மூடிக்கொள்ளும், அந்த எண்ணே எக்சிட் கோடாக மேக்ஃபைலுக்கு வந்துசேரும். லிமிட்சைக்கிள்ஸ் ஆப்ஷனில் 1 கோடி கொடுங்கள். இது பால் (PAL) டிவி முறை மெஷினில் சுமார் 10 விநாடி. கோட் முடிவில்லாமல் சுற்றினாலும் டெஸ்ட் நிற்கும்.

ஸ்பெக்ட்ரத்துக்கு விஎஸ் கோடில் டீஸாக் எக்ஸ்டென்ஷன். அதிலேயே யூனிட் டெஸ்ட் வசதி உண்டு, உள்ளே இருக்கும் சிமுலேட்டரில் ஓடும். எஸ்ஜாஸ்ம்பிளஸ்ஸில் எஸ்எல்டி ஃபைல் (சோர்ஸ் வரிக்கும் முகவரிக்கும் உள்ள தொடர்பு) எடுக்க வேண்டும். சோர்ஸில் டிவைஸ் வரி இல்லையென்றால் அதற்கு வேண்டிய விவரம் வராது, பிரேக்பாயிண்ட் எதுவும் பிடிக்காது.

திங்கள்நகரில் இருந்து: என் ரொட்டீன் எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்க்க எளிய வழி?

தொடங்கும்போது பார்டர் நிறத்தை மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்றுங்கள். கமடோரில் 53280, ஸ்பெக்ட்ரத்தில் போர்ட் 254. நிறப்பட்டை எத்தனை கோடு உயரம் என்று எண்ணுங்கள். பால் கமடோரில் ஒரு கோடு 63 சைக்கிள், 48கே ஸ்பெக்ட்ரத்தில் 224 டி-ஸ்டேட் (இசட்80-யின் கடிகாரத் துடிப்பு). இரண்டிலும் ஃப்ரேமுக்கு 312 கோடு. கணக்கைவிடப் பட்டை நீளமாக வந்தால், கமடோரில் எட்டுக் கோட்டுக்கு ஒருமுறை வரும் பேட்லைன் (திரைச்சிப் பிராசஸரை நிறுத்திவைக்கும் கோடு) சுமார் 40 சைக்கிளைத் தின்றிருக்கும். ஸ்பெக்ட்ரத்தில் கோட் 16384-க்கும் 32767-க்கும் நடுவே இருந்தால் திரைச்சிப் அதை நிறுத்தி நிறுத்தித்தான் விடும்.

கொளச்சலில் இருந்து: போனில் இருந்து ஸ்பெக்ட்ரத்துக்கு ஏற்றினால் டேப் லோடிங் எரர் வருது.

எம்பி3 ஆக்கினீர்களா? அதுதான் கெடுக்கும். ஃப்யூஸ் யுட்டிலிட்டீஸில் உள்ள டேப்2வேவ் கொண்டு வேவ் ஃபைலாக மாற்றி அதையே ஓட்டுங்கள். ப்ளூடூத் கூடாது, ஒயர் மட்டும். ஈக்வலைசர், சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் அணைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, வால்யூமை முழுசாக வையுங்கள். மோனோ பின் உள்ள கேபிள் நல்லது. 48கே ஏற 5 நிமிடம் வரை ஆகும், இடையில் ஒரு நோட்டிஃபிகேஷன் சத்தம் வந்தாலும் போச்சு.

கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று. உப்புக்காற்றில் பின்பக்க எட்ஜ் கனெக்டர் கருத்துவிடும். எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸ் சில நாள் ஓடி சில நாள் ஓடாமல் இருந்தால் சாஃப்ட்வேரைத் தேடும் முன், கரண்டைப் பிடுங்கிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும்.

ஆரல்வாய்மொழி ஆசிரியர் ஒருவர்: 1984-இல் தொடங்கிய கிளாஸ் (பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி) திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவுக்கு இப்போது என்ன டூல்?

பீப்அசம், சார். அசெம்பிள் செய்து எஸ்எஸ்டி டிஸ்க் இமேஜையும் அதுவே கட்டித்தரும். ஜேஎஸ்பீப் பிரவுசரிலேயே ஓடும் என்பதால் மாணவர்களுக்குக் காட்ட எதையும் நிறுவ வேண்டாம். டிஸ்க் உள்ள மெஷினில் கோடை 6400-க்கு மேலே வையுங்கள். 3584-இல் வைத்தால் அது டிஸ்க் ஃபைலிங் சிஸ்டம் பயன்படுத்தும் இடம்.

முட்டத்தில் இருந்து: ஸ்பெக்ட்ரத்துக்குப் பழைய அடாப்டர் இல்லை. வேறு 9 வோல்ட் அடாப்டர் போடலாமா?

போடலாம், ஆனால் ஸ்பெக்ட்ரத்துக்கு நடுப்பின் நெகட்டிவ். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ். மல்டிமீட்டரில் பார்க்காமல் செருகாதீர்கள். 1.4 ஆம்பியர் தாங்க வேண்டும். கமடோர் 64-இன் பழைய அடாப்டரோ வேறு கதை: வயதானால் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும், முதலில் சாகிறது ரேம் சிப்தான். மெஷினில் செருகும் முன் அளந்து, 5.25-க்கு மேல் காட்டினால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் புது சப்ளை வாங்குங்கள்.