கம்ப்ரஷன் குறைந்த பழைய செயின்சா: இன்ஜினைப் பிரிப்பதா, புதிது வாங்குவதா?

தாம்பரத்தில் இருந்து: அண்ணே, 2016-இல் வர்தா புயல் அடித்தபோது வாங்கிய 58 சிசி செயின்சா, மரம் அறுக்கும் மெஷின். சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) 95 பிஎஸ்ஐ என்றார். இன்ஜின் வேலை பார்க்கலாமா?

தம்பி, அந்த 95-ஐ மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். என்ன கேஜ் என்று முதலில் கேளுங்கள். காருக்கு வைக்கும் கேஜில் ஹோஸ் நீளம், வால்வும் மீட்டர் பக்கம் இருக்கும். செயின்சா சிலிண்டர் சின்னது என்பதால் ஹோஸுக்குள் போகும் காற்றே கணக்கைக் கெடுத்துவிடும். நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். பிளக் மாட்டும் முனையிலேயே வால்வு உள்ள கேஜாகப் பார்த்து வாங்குங்கள். சுவிட்ச் ஆஃப், சோக் திறந்து, ஆக்சிலேட்டர் முழுசாக அழுத்தி, முள் ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். 150 பக்கம் வந்தால் கவலை இல்லை. 120-க்குக் கீழே தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம். 100-க்குக் கீழே போனால் நீங்கள் சொல்வது போலச் சூட்டில் அடம்பிடிக்கும்.

அப்புறம், பாகம் எதையும் வாங்கும் முன் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். அந்த ஓட்டையில் டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு உரசிப் பிடித்திருக்கிறது. மெல்லிய மரக்குச்சியால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தொட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் போல அமுங்கி எழ வேண்டும். அசையவில்லை என்றால் கரி அடைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெஷினைக் காப்பாற்றலாமா என்பதை கேஜைவிட இந்த ஓட்டைதான் சரியாகச் சொல்லும்.

வேளச்சேரியில் இருந்து: சைலன்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணே, சிலிண்டரில் கோடு கோடாக இருக்கிறது. ஆர்எக்ஸ் 100 பைக்குக்குச் செய்தது போல லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் பண்ணலாமா?

வேண்டாம். ஆர்எக்ஸ் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இருக்கிறது, கடைந்தால் தாங்கும். செயின்சாவில் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் மெல்லிய கடின முலாம் மட்டும்தான். கடைந்தால் அதுவே போய்விடும்.

ஆனால் நீங்கள் பார்க்கும் கோடு பல நேரம் சிலிண்டரில் விழுந்த கீறலே இல்லை. பிஸ்டனின் அலுமினியம் உருகி முலாமின் மேல் அப்பியிருக்கும். சிலிண்டரைக் கழற்றி, கையுறை, கண்ணாடி போட்டு, திறந்தவெளியில் பாத்ரூம் ஆசிடை பட்ஸில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். துடைத்து மறுபடி தடவுங்கள். நுரை அடங்கி அடியில் பளபளப்பு தெரிந்தால் சிலிண்டர் பிழைத்தது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிப் புதுப் பிஸ்டன், ரிங் போடலாம். எவ்வளவு துடைத்தும் ஒரே இடத்தில் நுரைத்துக்கொண்டே இருந்தால் முலாம் பெயர்ந்து அலுமினியம் வெளியே வந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள், அந்தச் சிலிண்டர் ஆகாது.

அண்ணா நகரில் இருந்து: எங்கள் அசோசியேஷன் மெஷினுக்கு ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் தோட்டக்காரர். நம்பலாமா சார்?

சிலிண்டரும் பிஸ்டனும் சுத்தமாக இருந்தால் நம்பலாம் அம்மா. பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடச் சொல்லுங்கள். இந்த அளவு மெஷினில் இடைவெளி 1 மி.மீ.யை நெருங்கினால் ரிங் தேய்ந்துவிட்டது.

அம்பத்தூரில் இருந்து: புதுச் சிலிண்டர், பிஸ்டன் செட் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி பிடித்துவிட்டது!

காரணத்தைத் தேடாமல் பாகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு மனசு கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான், காசு இரண்டு முறை போகிறது. கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கார்புரேட்டர் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. சைலன்சர் பக்கம் என்றால் ஆயில் போதவில்லை, அல்லது எங்கோ காற்று இழுத்துப் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது. கிராங்க் ஆயில் சீல், கார்புரேட்டர் ரப்பர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் ஓட்டையையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் ஓட்டையில் அரை பார் அழுத்தத்தில் மட்டும் காற்று கொடுத்துச் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். கலவையைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

பள்ளிக்கரணையில் இருந்து: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் முழுகியது. அப்படியே கிடக்கிறது.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஃப்ளைவீலைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிட்டது. சிலிண்டர், பிஸ்டனோடு பேரிங்கும் சேர்ந்தால் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். செயின், அது ஓடும் பார், கார்புரேட்டர் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் காயலான் கடைக்குப் போடுங்கள்.